சத்தமில்லாத ஒரு காட்சி: கடலூர்–புதுச்சேரியில் மூன்று டிக்கெட்டுகளின் ஆய்வு

மஞ்சக்குப்பத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர் தம்பதி. தெருவில் இருவரையும் சார், டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். இந்த ஆய்வுக்கும் அந்தப் பெயர்களே போதும். சாருக்கு 71 வயது, இரண்டு காதுக்கும் பின்னால் மாட்டும் மெஷின். டீச்சருக்கு 66. காது நன்றாகக் கேட்கும், முட்டிதான் தகராறு. வருஷத்துக்கு நாலைந்து படமாவது தியேட்டரில் பார்த்துவந்தவர்கள், இரண்டு வருஷமாக அந்தப் பக்கமே போகவில்லை. காரணம் கேட்டால் சார் ஒரே வரியில் சொல்வார்: "படம் என்ன பேசுதுன்னு தெரியல, பின் சீட்டு பேசுறது மட்டும் நல்லா தெரியுது."

"சத்தம் இல்லாத தியேட்டர் எது?" என்ற கேள்வியோடு மறுபடி ஆரம்பித்தார்கள். மூன்று முறை டிக்கெட் எடுத்தார்கள். முதலாவது படுதோல்வி, இரண்டாவது வேறு வகைத் தோல்வி, மூன்றாவது அமைந்தது. இடையில் மாறியது தியேட்டர் மட்டுமில்லை. கிழமை, மணி, படம் வெளியாகி எத்தனையாவது நாள், உட்கார்ந்த வரிசை, காது மெஷினில் வைத்த புரோகிராம் எல்லாமே மாறின. எந்தத் தியேட்டர் அமைதி என்பதற்குக் கடலூரிலும் சரி, புதுச்சேரியிலும் சரி, நிலையான விடை கிடையாது. ஒரே அரங்கு சனிக்கிழமை சந்தையாக இருக்கும், புதன்கிழமை நூலகமாக இருக்கும். எந்தக் காட்சி என்று கேட்டால் விடை உண்டு.

முதல் டிக்கெட்: சனிக்கிழமை, மாலை 6.30

சென்னையில் இருக்கும் மகன் போனிலேயே எடுத்துக்கொடுத்தார். பெரிய நடிகர் படம், வெளியான இரண்டாவது நாள், புதுச்சேரியில் ஒரு மல்டிபிளெக்ஸ். கடைசிக்கு முந்தைய வரிசையில் நட்டநடுவே இரண்டு சீட். யாரைக் கேட்டாலும் நல்ல சீட் என்றுதான் சொல்வார்கள்.

கடலூரிலிருந்து புதுச்சேரி 25 கிலோமீட்டருக்குள்தான். ஆனால் சனிக்கிழமை சாயங்காலம் தவளக்குப்பம் தாண்டி அரியாங்குப்பம் நெருங்கும்போது வண்டிகள் நத்தையாக ஊரும். சாரும் டீச்சரும் முன்கூட்டியே கிளம்பியதால் நேரத்துக்குப் போய்விட்டார்கள். அரங்கில் கணிசமான பேர் படம் தொடங்கிய பிறகே வந்தார்கள். நடு சீட் என்பதால் அந்த வரிசையில் யார் உள்ளே போனாலும் டீச்சரின் முட்டியைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது. முதல் இருபது நிமிடத்தில் ஆறு முறை எழுந்து உட்கார்ந்தார்.

டைட்டில் கார்டு வந்ததும் முன்வரிசைகளில் வரிசையாகப் போன்கள் உயர்ந்தன, ஸ்டேட்டஸ் வைக்க. இதில் கண் கூசுவதற்குக் கணக்கு உண்டு. சினிமாத் திரையின் வெள்ளைப் பகுதிக்குத் தரநிலை வெளிச்சம் ஒரு சதுர மீட்டருக்கு 48 கேண்டெலா. கையிலிருக்கும் சாதாரண போன் திரை 400, 500 வரை போகும். படத்தைவிடப் பத்து மடங்கு பிரகாசமான ஒரு சின்னச் சன்னல் முன் சீட்டில் திறந்தால், கண் தானாகவே அங்கே ஓடும். போன் அணைந்த பிறகும் இருட்டுக் காட்சி கொஞ்ச நேரம் சரியாகத் தெரியாது.

பின்வரிசையில் எட்டுப் பேர் கொண்ட நண்பர் கூட்டம். சண்டைக்காட்சியில் அவர்கள் போட்ட விசிலைச் சார் குறையாகச் சொல்லவே இல்லை. இரண்டாவது நாள் படத்துக்குப் போய் விசிலைக் குறை சொல்வது, தேர் ஓடுகிற அன்று மாடவீதியில் தூங்க இடம் தேடுகிற மாதிரி. அவரை வாட்டியது வசனக் காட்சிகளில் ஓடிய தொடர் பேச்சு. இடைவேளைக்குப் பிறகு இருக்கைக்கே கொண்டுவந்து கொடுக்கும் பாப்கார்ன், நாச்சோஸ், அதற்காக டார்ச் அடித்து சீட் எண் தேடும் பையன் என்று இன்னொரு பதினைந்து நிமிடம் போனது.

இந்தக் காட்சியின் முக்கியமான தகவல் இனிமேல்தான். வசனம் பிடிபடாத சார், "என்ன சொல்றான்?" என்று டீச்சரைக் கேட்டார். டீச்சர் சொன்னார். காது மெஷின் போட்டவருக்குச் சொல்வதென்றால் காதோரம் கிசுகிசுத்தால் போதாது. கொஞ்சம் உரக்கத்தான் சொல்ல வேண்டும். மூன்றாவது தடவை சொன்னபோது முன் சீட்டுப் பையன் திரும்பி, "ஆன்ட்டி, கொஞ்சம் மெதுவா பேசுங்களேன்" என்றான். மரியாதையாகத்தான் கேட்டான். டீச்சர் அதற்குப் பிறகு வாய் திறக்கவில்லை, சாருக்குப் படம் பாதியோடு முடிந்துவிட்டது.

அரங்கில் பேசுகிறவர்களில் ஒரு பங்கு, வசனம் கேட்காதவருக்கு எடுத்துச் சொல்கிறவர்கள். பாட்டிக்குப் பேரன், தமிழ் தெரியாத நண்பனுக்குத் தோழன், தூங்கி எழுந்த கணவருக்கு மனைவி. இவர்களை அடக்கினால் அரங்கு அமைதியாகலாம், ஆனால் அவர்கள் பக்கத்தில் இருப்பவருக்குப் படம் போய்விடும். சார்–டீச்சர் தேட வேண்டியிருந்தது, மற்றவர் பேசாத இடம் மட்டுமில்லை. தாங்களும் பேசத் தேவைப்படாத ஏற்பாடு.

இரண்டாவது டிக்கெட்: புதன்கிழமை மேட்னி

சனிக்கிழமை பட்ட பாட்டுக்கு நேர் எதிராக முடிவெடுத்தார்கள். கூட்டமே இல்லாத காட்சி. கடலூரிலேயே ஒரு பழைய ஒற்றைத்திரை அரங்கு, மேட்னி, வாரநாள், வேறொரு சின்னப் படம். கவுண்ட்டரில் டிக்கெட் எடுத்து உள்ளே போனால் மொத்தமே ஒன்பது பேர்.

ஒன்பதில் ஐந்து பேர் ஒரே கும்பல், கல்லூரிப் பையன்கள். இதை முன்கூட்டியே ஊகித்திருக்கலாம். தேவனாம்பட்டினத்தில் அரசு கலைக் கல்லூரி, ஊருக்குள் தனியார் கல்லூரிகள் என்று மதியத்தோடு வகுப்பு முடிகிறவர்களுக்கும், முடியாமலே வெளியேறுகிறவர்களுக்கும் மேட்னிதான் வசதி. புதுச்சேரியில் இது இன்னும் அதிகம். லாஸ்பேட்டையிலிருந்து காலாப்பட்டு வரை கல்லூரிகள்தான். வாரநாள் மேட்னி என்றாலே காலியாக, அமைதியாக இருக்கும் என்ற எண்ணம் வேறு ஊருக்குப் பொருந்தலாம்.

காலி அரங்குக்கென்று ஒரு குணம் உண்டு. நூறு பேர் இருந்தால், சத்தம் போடுகிறவனை யாராவது ஒருவர் திரும்பிப் பார்ப்பார். ஒன்பது பேர் என்றால் ஐந்து பேர்தான் பெரும்பான்மை. அவர்கள் காலை முன் சீட்டில் தூக்கிப் போட்டுக்கொண்டு, போனில் ஸ்பீக்கரைப் போட்டு வீடியோகூடப் பார்த்தார்கள். யாரையும் வம்புக்கு இழுக்கவில்லை. அரங்கைத் தங்கள் வீட்டுத் திண்ணையாக்கிக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

அதைவிடப் பெரிய கோளாறு ஒலியில். சினிமாவில் வசனம் பெரும்பாலும் திரைக்குப் பின்னால் நடுவில் இருக்கும் ஸ்பீக்கரிலிருந்து வருகிறது. இசையும் சத்தங்களும் இடம், வலம், பக்கச் சுவர்களுக்குப் பிரிகின்றன. அந்த நடு ஸ்பீக்கரில் உயர் அதிர்வெண்களைத் தரும் பகுதி பழுதானால் பாட்டு அருமையாகக் கேட்கும். வசனம் மட்டும் போர்வைக்குள்ளிருந்து பேசுவதுபோல வரும். த, ச, க, ட போன்ற மெய்களின் கூர்மை உயர் அதிர்வெண்ணில்தான் இருக்கிறது. வயதானால் காது முதலில் இழப்பதும் அதையே. அரங்கின் குறையும் காதின் குறையும் ஒரே இடத்தில் சேர்ந்துவிட்டால், எத்தனை அமைதி இருந்தும் பயனில்லை. கல்லூரிப் பையன்களே ஒருவரையொருவர் "என்னடா சொன்னான்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஒலி அளவும் ஒரு காரணமாக இருந்திருக்கும். அரங்கின் ஒலி அளவை வைக்கும் டால்பி ப்ராசஸரில் 7 என்பது தரநிலை அளவு. "சத்தம் ஜாஸ்தி" என்று யாராவது புகார் சொல்ல, 5, 5.5 என்று இறக்கி ஓட்டும் அரங்குகள் நிறைய. இறக்கினால் வெடிச்சத்தம் குறைவது நல்லதுதான். கூடவே மெல்லிய வசனமும் முணுமுணுப்பின் மட்டத்துக்கு இறங்கிவிடும். ஒற்றைத்திரை அரங்கில் ஒரு வசதி, ஆபரேட்டரை நேரில் பார்க்கலாம். "அண்ணா, டயலாக் மட்டும் கேக்க மாட்டேங்குது, அரை பாயின்ட் ஏத்த முடியுமா?" என்று இடைவேளையில் கேட்டால் பெரும்பாலும் ஏற்றுவார்கள். நடு ஸ்பீக்கரே பழுது என்றால் ஏற்றியும் சரியாகாது. அடுத்த தடவை வேறு அரங்கு. படத்துக்கு முன் ஓடும் விளம்பரத்தில் பேச்சு தெளிவாக இருக்கிறதா என்று கவனித்தாலே இது தெரிந்துவிடும்.

ஏ.சி.யும் சரியில்லை. ஒன்பது பேருக்காக முழு ஏ.சி. ஓட்டக் கட்டுப்படியாகாது என்பது அரங்குக்காரர் கணக்கு. இடைவேளையில் இருவரும் எழுந்து வந்துவிட்டார்கள்.

எத்தனை பேர் இருந்தால் நல்லது

இரண்டு தோல்விகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நடுவில் ஒரு இடம் தெரியும். அரங்கில் ஐந்தில் ஒரு பங்கு முதல் நாலில் ஒரு பங்கு வரை நிரம்பியிருப்பது நல்லது. 150 சீட் என்றால் 30 முதல் 40 பேர். ஏ.சி. ஓடும், காட்சி ரத்தாகாது, சத்தம் போடுகிறவனுக்குக் கூச்சம் வர ஆள் இருக்கும். உங்களைச் சுற்றி இரண்டு வரிசையாவது காலியாகவும் கிடைக்கும்.

எண்ணிக்கையை மட்டும் நம்பக்கூடாது. மல்டிபிளெக்ஸில் இரண்டாம் வாரம் படத்தைச் சின்னத் திரைக்கு மாற்றிவிடுவார்கள். முதல் வாரம் 300 சீட்டில் 60 பேர் உட்கார்ந்தால் காற்றாட இருக்கும். அதே 60 பேர் 90 சீட் அரங்கில் உட்கார்ந்தால் தோளோடு தோள்.

நாள் கணக்கு இப்படி: வெள்ளிக்கிழமை வெளியாவதை முதல் நாள் என்று வைத்தால், பெரிய நடிகர் படத்துக்கு 11 முதல் 14-ஆம் நாள் வரை நல்ல நேரம், அதாவது இரண்டாவது திங்கள் முதல் வியாழன் வரை. ரசிகர்கள் பார்த்து முடித்திருப்பார்கள், ஓ.டி.டி.க்குப் பெரும்பாலான தமிழ்ப் படங்கள் நாலு வாரம் கழித்தே வருவதால் தியேட்டரில் படம் இன்னும் இருக்கும். சின்னப் படத்துக்கு அந்த நேரம் கிடையாது. அடுத்த வெள்ளியன்று எடுத்துவிடுவார்கள், ஆகவே 4 முதல் 7-ஆம் நாளுக்குள் பார்த்துவிட வேண்டும். செவ்வாய்க்கிழமை ஒரு பொறி: சில மல்டிபிளெக்ஸ்களில் அன்று சலுகை விலை, வாரநாள் என்று நம்பிப் போனால் வார இறுதிக் கூட்டம் நிற்கும். புதனோ வியாழனோ மேல்.

மணி விஷயத்தில், காலை 11 அல்லது 11.30 காட்சிக்குத்தான் முதல் மதிப்பெண். வருகிறவர்கள் பெரும்பாலும் தனியாகவோ இருவராகவோ வருவார்கள், படம் பார்க்கவே வருவார்கள். மேட்னி கல்லூரியைப் பொறுத்தது. மாலைக் காட்சி குடும்பங்களுக்கு. செகண்ட் ஷோவைப் பலர் அமைதி என்று நினைக்கிறார்கள். கடலூரில் வாரநாளில் அது ஓரளவு உண்மை. புதுச்சேரியில் வார இறுதி செகண்ட் ஷோவுக்கு ஒயின் ஷாப் வழியாக வருகிறவர்களும் சேர்ந்துகொள்வார்கள். அரங்கில் படுத்துத் தூங்குகிறவர் பரவாயில்லை, திரையோடு பேசுகிறவர்தான் பிரச்சினை.

எல்லைக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம்

கடலூர்–புதுச்சேரி ஆட்களுக்கு வேறு ஊர்க்காரர்களுக்கு இல்லாத ஒரு வசதி உண்டு. ஆல்பேட்டை செக்போஸ்ட்டுக்கு இரண்டு பக்கமும் இரண்டு அரசு, இரண்டு விடுமுறைப் பட்டியல்.

புதுச்சேரிக்கு நவம்பர் 1 விடுதலை நாள் விடுமுறை; பிரெஞ்சு ஆட்சி 1954-இல் அன்றுதான் கைமாறியது. ஆகஸ்ட் 16-உம் விடுமுறை, 1962-இல் சட்டப்படி இணைந்த நாள். சுதந்திர தினத்தை ஒட்டி அங்கே இரண்டு நாள் தொடர் விடுமுறை, அரங்குகள் நிரம்பும். கடலூரில் ஆகஸ்ட் 16-உம் நவம்பர் 1-உம் வாரநாளில் வந்தால் சாதாரண வேலைநாள். அன்று கடலூரிலேயே காலைக் காட்சி பார்க்க வேண்டும். இதற்கு மறுதலையும் உண்டு. சிதம்பரம் ஆருத்ரா தரிசனத்துக்குக் கடலூர் மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை விடுவார்கள். புதுச்சேரி அன்று வேலை செய்யும். புதுச்சேரி அரசுப் பள்ளிகள் சி.பி.எஸ்.இ.க்கு மாறிவிட்டதால் இரண்டு பக்கத்துப் பள்ளித் தேர்வும் லீவும்கூட எப்போதும் ஒத்துப்போவதில்லை. எந்தப் பக்கம் பிள்ளைகள் பள்ளியில் இருக்கிறார்களோ அந்தப் பக்கம் டிக்கெட் எடுங்கள்.

சனி, ஞாயிறு புதுச்சேரி வெளியூர்க்காரர்களுக்குச் சொந்தம். சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வருகிறவர்கள் பகலெல்லாம் கடற்கரை, சாயங்காலம் மால். வார இறுதியில் பார்த்தே ஆக வேண்டுமென்றால் கடலூர்தான், அதுவும் ஞாயிறு காலை.

பெருநாள் வெளியீடுகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பொங்கல், சித்திரை முதல் நாள், ஆயுத பூஜை, தீபாவளி: பத்து நாள் தள்ளிப் போங்கள். தமிழ்நாட்டில் 2023 தொடக்கத்திலிருந்து அதிகாலைக் காட்சிகளுக்கு அனுமதி இல்லாததால் ரசிகர் கொண்டாட்டம் முழுவதும் முதல் நாள் 9 மணிக் காட்சியில் கொட்டுகிறது. கொண்டாட விரும்புகிறவர்களுக்கு அது நல்ல இடமே.

சீட் வரைபடத்தைப் படிப்பது

மூன்றாவது டிக்கெட்டுக்கு மகன் உடனே பணம் கட்டவில்லை. புக்கிங் ஆப்பில் சீட் வரைபடத்தை இரண்டு முறை திறந்து பார்த்தார்: முந்தைய இரவு ஒன்பது மணிக்கு, காட்சிக்கு ஒன்றரை மணி நேரம் முன்பு.

விற்ற சீட்டுகள் எத்தனை என்பதோடு எப்படி விற்றிருக்கின்றன என்றும் பார்க்க வேண்டும். இரண்டு, இரண்டு, ஒன்று, இரண்டு என்று சிதறியிருந்தால் நல்ல அறிகுறி. ஒரே வரிசையில் ஆறு, எட்டு சீட் சேர்ந்தாற்போல் போயிருந்தால் அது கும்பல். அந்த வரிசைக்கு முன்னும் பின்னும் மூன்று வரிசை தள்ளி உட்கார வேண்டும். இரண்டு வரிசையில் நேர் மேலும் கீழுமாக நாலு, நாலு போயிருந்தாலும் கும்பல்தான். அவர்கள் வரிசை தாண்டிப் பேசுவார்கள், பண்டம் கைமாற்றுவார்கள். அதிலும் மோசம்.

சில அரங்குகளில் முதல் சில வரிசைகள் எப்போதும் விற்றதுபோலவே சாம்பல் நிறத்தில் தெரியும். அடுத்தடுத்த காட்சிகளையும் திறந்து பாருங்கள். எல்லாவற்றிலும் அதே சீட்டுகள் சாம்பலாக இருந்தால் அவை விற்றவை இல்லை, கவுண்ட்டருக்கு ஒதுக்கியவை. இதைத் தெரியாமல் "பாதி நிரம்பிவிட்டது" என்று நல்ல காட்சியை விட்டவர்கள் உண்டு.

கால்வாசிக்குக் கீழே விற்றிருந்தால் ஆன்லைனில் எடுக்காமல் கவுண்ட்டருக்கே போகலாம். கட்டணம் மிச்சம் என்பது சின்ன லாபம். கடைசி நிமிட வரைபடத்தைக் கவுண்ட்டர்காரரின் திரையில் பார்த்து, "பின்னாடி ரெண்டு வரிசை காலியா இருக்கிற எடமா குடுங்க சார்" என்று கேட்டு வாங்க முடிவதுதான் பெரிய லாபம்.

படத்தின் சான்றிதழும் வரைபடத்தின் ஒரு பகுதி. 2024 இறுதியிலிருந்து யு/ஏ என்பது 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரிந்திருக்கிறது. இது பெற்றோருக்கான வழிகாட்டல். வாசலில் தடுக்க மாட்டார்கள். ஏ சான்றிதழ் படத்துக்கு 18 வயதுக்குக் கீழே அனுமதி கிடையாது. அதனால் குழந்தைச் சத்தம் இருக்காது என்று ஏ படத்துக்குப் போகிறவர்கள் உண்டு. குழந்தைச் சத்தம் இல்லைதான். அதற்குப் பதில் இளவட்டக் கும்பல் இருக்கும். பேய்ப்படமும் அப்படியே, பயத்தை மறைக்கக் கிண்டலடிப்பார்கள். இந்தக் கணக்கில் அதிகம் கவனிக்கப்படாத நல்ல தேர்வு, சப்டைட்டிலோடு வரும் மலையாளப் படம். வருகிறவர்கள் குறைவு, வரிகளைப் படிக்க வேண்டியிருப்பதால் வாயும் குறைவு.

மூன்றாவது டிக்கெட்: 13-ஆம் நாள், புதன், காலை 11.30

புதுச்சேரி மல்டிபிளெக்ஸ். சுமார் 150 சீட்டில் 34 விற்றிருந்தன, பெரும்பாலும் இரட்டைகளாக. கவுண்ட்டரில் கேட்ட முதல் கேள்வி, "இந்த ஷோவில் சப்டைட்டில் வருமா?" தமிழ்ப் படங்கள் சில ஆங்கில சப்டைட்டிலோடு ஓடும், எல்லாக் காட்சிக்கும் இருக்காது. நாற்பது வருஷம் பாடம் நடத்திய சாருக்கு ஆங்கிலம் படிப்பது பெரிய விஷயமில்லை. "என்ன சொல்றான்?" என்ற கேள்வியே எழாது, டீச்சர் பேச வேண்டியதும் இல்லை. முதல் காட்சியின் பிரச்சினையில் பாதி இங்கேயே தீர்ந்தது. காது கேளாதவர்களுக்கும் பார்வையற்றவர்களுக்கும் திரையரங்குகளில் வசதி செய்வது பற்றி ஒன்றிய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் 2024 மார்ச்சில் வழிகாட்டு நெறிகள் வெளியிட்டிருக்கிறது. அதனால் இதை ஒரு சலுகைபோலக் கூச்சப்பட்டுக் கேட்க வேண்டியதில்லை.

சீட் தேர்வு காது மெஷினை ஒட்டி நடந்தது. இன்றைய மெஷின்கள் பலவற்றில் இரைச்சலுக்கென்று ஒரு புரோகிராம் இருக்கும், பெரும்பாலும் உணவகம் அல்லது கூட்டம் என்ற பெயரில். அதில் மைக் முன்னாலிருந்து வரும் ஒலியை எடுக்கும், பின்னாலிருந்து வருவதைக் குறைக்கும். அப்படியானால் இவருக்குப் பின்னால் பேசுகிறவரைவிட முன்னால் பேசுகிறவர்தான் தொல்லை. அவர் குரல் வசனத்தோடு சேர்ந்து நேராக உள்ளே வரும். ஆகவே முன்னால் ஆளே உட்கார முடியாத வரிசை வேண்டும். அரங்கின் நடுவில் குறுக்கே நடைபாதை போனால், அதற்கு உடனே பின்னால் இருக்கும் வரிசை. முன்னால் நடைபாதை, போன் வெளிச்சமும் இல்லை. டீச்சருக்கு முட்டியை நீட்டவும் இடம்.

காது நன்றாகக் கேட்கிறவருக்கு இந்தத் தேர்வு மாறும். அவருக்குக் கடைசி வரிசை, சுவருக்கு முன்னால், வாசலுக்கு எதிர்ப் பக்கத்து ஓரம் நல்லது. பின்னாலிருந்து உதையும் பேச்சும் கிடையாது. ஆனால் பின் சுவர் ஸ்பீக்கர் தலைக்கு மேலேயே இருக்கும், மெஷின் போட்டவருக்கு அது ஆகாது. எல்லாருக்கும் பொருந்தும் ஒரு விதி உண்டு: கதவுக்குப் பக்கத்து நாலு சீட் வேண்டாம். கதவு திறக்கும் ஒவ்வொரு தடவையும் கேன்டீன் வெளிச்சம் முகத்தில் அடிக்கும்.

இருவரும் வரிசையின் நடுவில் உட்காரவில்லை. நடுவிலிருந்து மூன்று சீட் தள்ளி. வசனம் நடு ஸ்பீக்கரிலிருந்து வருவதால் ரொம்ப ஓரம் போகக்கூடாது, நட்டநடு சீட்டுக்குப் பக்கத்தில்தான் அடுத்த ஜோடி வந்து உட்காரும்.

காது கணக்கை ஒருமுறை தெளிவாகச் சொல்லிவிடலாம். சாதாரணப் பேச்சு ஒரு மீட்டர் தூரத்தில் 60 டெசிபெல் அளவு. நல்ல காதுக்கு வசனமும் இரைச்சலும் ஏறக்குறைய சமமாக இருந்தாலும் ஓரளவு பிடிபடும். மெஷின் போட்டவருக்கு வசனம் இரைச்சலைவிட 10 டெசிபெல்லாவது உயர்ந்து நிற்க வேண்டும். திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் 6 டெசிபெல் குறையும். அரங்குக்குள் எதிரொலியால் அவ்வளவு குறையாது, ஆனாலும் நன்றாகவே குறையும். இரண்டு வரிசை தள்ளி உட்கார்வது இவருக்கு ஆடம்பரம் இல்லை, படம் புரிவதற்கான குறைந்தபட்சத் தேவை.

பாட்டரியை அன்று காலையில்தான் மாற்றினார். பழுப்பு ஒட்டுக்காகித 312 அளவு பாட்டரி ஒரு வாரம் ஓடும் என்று நம்பி, க்ளைமாக்ஸில் அணைந்து போன அனுபவம் மெஷின் போட்டவர்கள் பலருக்கு உண்டு. மாற்று ஜோடி டீச்சரின் பையில்.

படத்தில் இரண்டு தொந்தரவு வந்தது. ஒரு கைக்குழந்தை அழுதது. தாய் இரண்டு நிமிடத்தில் வெளியே தூக்கிப் போய்விட்டார், அதைக் கணக்கில் சேர்க்கவே கூடாது. இன்னொன்று, பின்னால் ஒரு பையன் போனில் மெதுவாகப் பேச ஆரம்பித்தான்.

என்ன சொல்வது, எப்போது

பேச்சு ஆரம்பித்து ஐந்து நிமிடத்துக்குள் சொல்லிவிட வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு அரை மணி நேரம் பொறுத்துவிட்டுச் சொன்னால் குரலில் கோபம் வந்துவிடும், எதிராளிக்கும் திடீரென்று ஏன் என்று தோன்றும். பாட்டோ சத்தமான காட்சியோ ஓடும்போது திரும்பிச் சொன்னால் மற்ற யாருக்கும் கேட்காது, அவருக்கு மானம் போகாது. "ஷ்ஷ்" என்பதைப் போல் வேலைக்காகாத ஒன்று இல்லை. யாரைச் சொன்னார்கள் என்று தெரியாததால் யாரும் நிறுத்த மாட்டார்கள், நாலு பேர் சேர்ந்து பதிலுக்கு "ஷ்ஷ்" போடுவார்கள்.

சார் பாதி திரும்பினார். "தம்பி, நான் காது மெஷின் போட்டிருக்கேன்பா. நீங்க பேசுறது எனக்கு டயலாக்கைவிடப் பெருசா கேக்குது." பையன் "சாரி தாத்தா" என்று எழுந்து வெளியே போய்ப் பேசிவிட்டு வந்தான். இந்த வாக்கியத்தில் குற்றச்சாட்டே இல்லை, தன் சிரமம் மட்டும்தான். மெஷின் இல்லாதவர்கள், "தம்பி, போன் வெளிச்சம் நேரா கண்ணுல அடிக்குது, கொஞ்சம் எறக்கி வச்சுக்கங்களேன்" என்று சொல்லலாம். வயதில் மூத்தவரென்றால் "அண்ணா", "அக்கா". "மிஸ்டர்" என்று ஆரம்பித்தால் சண்டை என்று அர்த்தம்.

குடித்திருப்பவரிடம் எதுவும் சொல்ல வேண்டாம். காலி சீட் இருந்தால் மாறிவிடுங்கள், அதற்குத்தான் கால்வாசி மட்டும் நிரம்பிய காட்சி. இல்லையென்றால் வாசலில் டிக்கெட் கிழிக்கிறவரிடம் வரிசை எழுத்தையும் சீட் எண்ணையும் சொல்லுங்கள். "பின்னாடி சத்தம் போடுறாங்க" என்றால் அவர் வந்து பொதுவாக டார்ச் அடித்துவிட்டுப் போவார். "ஜி வரிசை, 7, 8" என்றால் நேராக அங்கே போவார். முதல் அரை மணிக்குள் தீரவில்லை என்றால் இடைவேளைக்குக் காத்திராமல் மேனேஜரைப் பார்த்து வேறு காட்சிக்கு மாற்றித் தரச் சொல்லலாம். அரங்கு பாதிக்கு மேல் காலியாக இருக்கும் வாரநாளில் ஒப்புக்கொள்ள வாய்ப்பு அதிகம், சனிக்கிழமை கேட்டுப் பயனில்லை. சிகரெட் புகை என்றால் இந்தப் பேச்சுவார்த்தையே வேண்டாம். பொது இடத்தில் புகைப்பது 2008 முதல் நாடு முழுவதும் தடை, நேராக மேனேஜர்.

தியேட்டருக்கு வெளியே

மனிதர்கள் படம் பார்க்கவே வருகிற இடங்கள் புதுச்சேரியில் வேறு சில உண்டு. அலியான்ஸ் பிரான்சேஸில் அவ்வப்போது சப்டைட்டிலோடு திரையிடுவார்கள். புதுச்சேரி அரசு நடத்தும் இந்தியத் திரைப்பட விழாவில் சங்கரதாஸ் சுவாமிகள் பெயரில் விருது தருகிறார்கள். நாடகத்தில் நடிகன் குரல் கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டும் என்று பாடுபட்ட தலைமுறையின் ஆசான் அவர், 1922-இல் காலமானதும் புதுச்சேரியில்தான். ஆரோவில்லிலும் திரையிடல்கள் உண்டு. ஆனால் இவற்றில் நாற்காலி சுமார், நேரம் மாலை, கடலூர் திரும்ப இரவாகிவிடும். டீச்சரின் முட்டிக்கு இது ஒத்துவரவில்லை.

புதன் காலைக் காட்சியையே இருவரும் வழக்கமாக்கிக்கொண்டார்கள். ஒன்று மட்டும் இன்னும் தீரவில்லை. படத்துக்கு முன்பு ஓடும் விளம்பரங்கள் படத்தைவிடச் சத்தமாக இருக்கின்றன, அந்தக் கால்மணி நேரம் மெஷின் காதுக்குள் கரகரக்கிறது. சார் அதுவரை சத்தத்தை இரண்டு படி இறக்கி வைத்துக்கொள்கிறார். திரையில் தணிக்கைச் சான்றிதழ் வரும்போது டீச்சர் முழங்கையால் லேசாக இடிப்பார், சார் ஏற்றிக்கொள்வார்.